மூன்று கிலோவும் வழியில் வந்த தேங்காய்களும்

காலை ஐந்து ஐம்பது. கோபிசெட்டிபாளையத்தில் வாழைத்தார் மண்டியின் வாசலில் முதலில் என் கண்ணில் பட்டது, தராசுக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த என் நங்கையாவின் பை. தராசின் சின்னக் கண்ணாடியில் சிவப்பு எண்கள் ஒளிர்ந்தன: 6.850.

முந்தின நாள் பொழுது சாய அந்தப் பையை நான்தான் அடுக்கிக் கொடுத்திருந்தேன். அப்போது அதன் எடை மூன்று கிலோவுக்கும் கீழே.

"அம்மணி, இது பழனிக்குப் போற பைங்களா, இல்ல பொண்ணைக் கட்டிக் குடுத்து அனுப்பற பைங்களா?" என்றார் குருசாமி. மண்டி அவருடையது. பழனிக்கு நடக்கிற எங்கள் குழுவுக்கும் அவர்தான் தலைவர். முப்பது பேர், அதில் பெண்கள் பதினொருவர். எல்லோர் பையும் அதே கொக்கியில் தொங்கிவிட்டுத்தான் தோளுக்கு வரும். மூன்று கிலோவுக்கு மேல் கூடாது. கூடவே ஒரு டெம்போ வரும் என்றாலும் அதில் அரிசி, பாத்திரம், ஜமக்காளம் மட்டும்தான். முன்பெல்லாம் பைகளையும் அதில் ஏற்றினார்கள். ஒரு வருடம் பைகள் வண்டியை நிறைத்து, அரிசி மூட்டையைக் கூரையில் கட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அன்று பிறந்த விதி இது.

நங்கையா என்றால் எங்கள் பக்கத்தில் கணவரின் அக்கா. இவருக்கு ஐம்பத்தெட்டு வயது, இடது முழங்கால் தேய்மானம், கூப்பிடு தூரத்தில் எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே ஓர் ஒரம்பரை, அதாவது சொந்தக்காரர். முந்தைய இரண்டு வருடமும் தாராபுரம் வரை நடந்தவர், அதற்கு மேல் முடியாமல் டெம்போவில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழனி போய்ச் சேர்ந்தார். இரண்டாவது முறை ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டியிருந்ததால் குழுவே அரை நாள் நின்றது. இந்த வருடம் பேர் எழுதும்போது குருசாமி அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார்: "கோவிச்சுக்காதீங்க. இந்தவாட்டியும் வண்டியேறுனீங்கன்னா அடுத்த வருசம் உங்க பேரை எழுத மாட்டனுங்க. ஊட்டுல இருந்தே கும்புட்டுக்கோங்க."

இதை அவர் மாமாவிடம், அதாவது தன் கணவரிடம், சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் எனக்குப் போன் செய்து சொன்னார். "நடந்து போயி பழனிக்குள்ள காலு வெக்கோணும் கண்ணு. நீயும் வா. பையை நீ கட்டிக் குடு. உன்ர வேலையே வெட்டறதுதான?"

ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். ஒரு பக்கச் செய்தியைக் கால் பக்கமாக்கி, அதில் எதுவும் விட்டுப்போகவில்லை என்று நிருபரை நம்பவைப்பதும் அந்த வேலையில் அடக்கம். புடவைகள் நிருபர்களைவிடச் சுலபம் என்று நினைத்துக்கொண்டு விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

முந்தின நாள் அவர் கட்டிலின் மேல் பதினொரு புடவைகள் இருந்தன. அவற்றைச் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். பருத்திப் புடவை அறுநூறு கிராமைத் தாண்டியது. பாலியெஸ்டர் புடவை நானூறுக்கும் கீழே. பருத்தி காய அரை நாள் வேண்டும். பாலியெஸ்டருக்கு ஒரு மணி நேரம் போதும், அதற்கும் கொடி தேவையில்லை. ஈரப் புடவையின் இரண்டு முனைகளை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு நடந்தால், அடுத்த ஊர் வருவதற்குள் காய்ந்துவிடும். உடம்பில் ஒன்று, பையில் ஒன்று. உள்பாவாடை இரண்டு, ஒன்று உடுத்த, ஒன்று தோட்டத்துப் பம்புசெட்டில் மார்பளவு கட்டிக்கொண்டு குளிக்க. நைட்டி ஒன்று. பெரிய துண்டு ஒன்று: துவட்டவும் ஆகும், சாலையோரம் ஒருத்தி மறைவாகப் போகும்போது இன்னொருத்தி திரையாகப் பிடிக்கவும் ஆகும். ஊக்குகளுக்கு டப்பா வேண்டாம், வளையலில் கோத்துக்கொள்ளலாம். சீப்பு ஒன்று. கண்ணாடி வேண்டாம், போன் இருக்கிறது. மாத்திரைகள், முழங்காலுக்குத் தைலம், சார்ஜர்.

"இம்புட்டுத்தானா?" என்றார் நங்கையா, கட்டிலில் மிஞ்சிக் கிடந்த புடவைகளைப் பார்க்காமல், சப்பையாக இருந்த பையைப் பார்த்து. "பாக்கறவங்க, பாவம் ஏதோ இல்லாதவீட்டுப் பொம்பளைன்னு நெனைப்பாங்க."

விடிவதற்குள் பை இரண்டு மடங்காகியிருந்தது. மண்டி வாசலில் வாழை இலைச் சருகை விரித்து உள்ளே இருந்ததைக் கொட்டினேன். மூன்று பருத்திப் புடவை. ஒரு எவர்சில்வர் சொம்பு. முறுக்கு டப்பா. கொசுவர்த்திச் சுருள். ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய்.

"அன்னதானத்துல ஊறுகாய் போடுவாங்களே?"

"போடுவாங்க. நம்மூட்டு ருசி வருமா?"

குருசாமி ஊறுகாய் பாட்டிலை எடுத்து டெம்போவில் அரிசிக்குப் பக்கத்தில் வைத்தார். "இது எல்லார்த்துக்கும்" என்றார். விதியில் ஓட்டை விழுந்ததைப் பார்த்து மற்றப் பெண்கள் சத்தம் போட்டார்கள். ஒருத்தி தன் பருப்புப்பொடியையும் எடுத்து நீட்டினாள். அதுவும் ஏறியது. ஆண்கள் பைகள் எல்லாம் முதல் தடவையிலேயே தேறின. இரண்டு வேட்டி, ஒரு துண்டு, அவ்வளவுதான். அவர்களுடைய மாத்திரையும் சார்ஜரும் மாற்றுப் பனியனும் மனைவிமார் பைகளில் இருந்ததை நான் குறித்துக்கொண்டேன்.

நங்கையாவின் பை இரண்டாவது தடவை 2.950. என்னுடையது 2.400. குழுவிலேயே குறைந்த எடை அதுதான். அந்தப் பெருமை மறுநாள் விடியற்காலை வரை இருந்தது. தை மாதப் பனியில், பெருந்துறைக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தின் முற்றத்தில், பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தேன். சால்வை அறுநூறு கிராம் என்று நானே நீக்கியிருந்தேன். நங்கையா தன் பருத்திப் புடவையை மடித்து என் மேல் போர்த்தினார். அது எப்படி அவர் பையில் இருக்கிறது என்று அந்த நேரத்தில் நான் கேட்கவில்லை.

ஒரம்பரைகள் பெருந்துறையிலேயே தொடங்கிவிட்டார்கள். சாலையோரம் ஓர் அம்மா, தலையில் போட்ட முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏனுங்க, எங்கூரைத் தாண்டிப் போறீங்க, ஊட்டுப் பக்கம் திரும்பாமப் போறதா? மருமவப்பொண்ணு என்ன நெனைப்பா?" அவர் நங்கையாவின் சின்ன மாமியார் வழி. வீடு சாலையிலிருந்து இருநூறு அடி. காபி கொடுத்தார்கள். காலைக் கழுவிவிட்டார்கள். புறப்படும்போது குங்குமம் வைத்து, ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், ரவிக்கைத் துணி, தேங்காய் வைத்து நீட்டினார்கள்.

எங்கள் பக்கம் ஒன்றை மறுப்பது மூன்று சுற்று ஆட்டம். முதலில் "ஐயோ, வேண்டாமுங்க". இது மரியாதை. அடுத்தது "எதுக்குங்க இதெல்லாம்". இது இன்னும் மரியாதை. மூன்றாவது சுற்றில் முந்தானையை விரித்து வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போதும் மறுத்தால் அது மனஸ்தாபம், இரண்டு தலைமுறைக்கு நிற்கும். சுமங்கலிக்குக் கொடுக்கும் தேங்காயென்றால் மூன்று சுற்றுகூட இல்லை, ஒன்றரைதான். நான் கோயம்புத்தூர்க்காரி, ஊரில் என்னை யாருக்கும் தெரியாது என்பதால் பெரும்பாலும் வெற்றிலையோடு தப்பித்தேன். நங்கையாவைத் தெரியாதவர்கள் அந்தச் சாலையில் இல்லை.

சென்னிமலையில் மூன்று வீடு. காங்கேயத்துக்கு வருமுன் ஒரு தோட்டத்து வீடு, காங்கேயத்தில் எண்ணெய் ஆலை வைத்திருப்பவர்கள் வீடு ஒன்று. ஒவ்வொரு வீட்டிலும் நான் தின்பண்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; பையைப் பார்க்கவில்லை.

காங்கேயத்தைத் தாண்டி ஊதியூர் மலை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் நங்கையா காலை இழுக்கத் தொடங்கினார். காலை ஒன்பதரை. சாலையின் இரண்டு பக்கமும் கிளுவை வேலி, காய்ந்த மேய்ச்சல் காடு. குழு முன்னால் போய்விட்டது. பின்னாலிருந்து டெம்போ வந்து எங்களோடு சமமாக ஊர்ந்தது. முன் இருக்கையில் குருசாமி.

"ஏறிக்கிறீங்களா அம்மணி?" குரலில் கேலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இல்லீங்க. செருப்பில்லாத காலு, கல்லுக் குத்திருச்சு. சித்த நின்னா சரியாப்போயிரும். நீங்க முன்னால போங்க."

டெம்போ போனது. நங்கையா மைல்கல்லின் மேல் உட்கார்ந்தார். இடது முழங்காலில் புடவைக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது. தைலம் எடுக்க அவர் பையைத் தோளிலிருந்து இறக்கினேன். இறக்கியபோது என் கை சாய்ந்தது.

திறந்தேன். மேலே நைட்டி. அதற்குக் கீழே தேங்காய்கள். ஒவ்வொன்றையும் உள்பாவாடை, துண்டு என்று சுற்றி, ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வராதபடி வைத்திருந்தார். ஆறு. கூடவே ஆறு ரவிக்கைத் துணிகள், ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பொட்டலம் கடலைமிட்டாய், நாட்டுச்சர்க்கரை, கோபியிலேயே விட்டிருக்க வேண்டிய அந்தப் பருத்திப் புடவை.

"ஏழு கிலோவுக்குக் குறையாது" என்றேன்.

"குடுக்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"வாங்கி, அடுத்த ஊட்டுல குடுத்துடலாமே?"

"தாம்பூலத் தேங்காயை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்கறதா? நல்லாச் சொன்ன போ."

"இங்க ஒரு புள்ளையார் கோயில்ல உடைச்சுடலாம்."

"வாங்குனவ ஊட்டு அடுப்படியிலதான் அது ஒடையோணும் கண்ணு. எங்க அம்மா அப்படித்தான் பண்ணுவாங்க. வழியில ஒடைச்சா, குடுத்தவங்களுக்குத் தெரிஞ்சா மனசு என்னாகும்?"

"பழனிக்கு நடந்து போகணும்னு எனக்குப் போன் பண்ணினது நீங்கதானே?"

அவர் குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். தாராபுரம் இன்னும் ஒரு முழு நாள் நடை. அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. வலியினாலா என்று தெரியவில்லை.

அப்போது எதிரே, பழனியிலிருந்து காங்கேயம், கோபி வழியாகச் சத்தியமங்கலம் போகும் தனியார் பஸ் வந்தது. கொஞ்சம் தள்ளி நிறுத்தத்தில் இரண்டு பேர் கை காட்டினார்கள். எங்கள் ஊர்களில் பஸ் ஆட்களை மட்டும் ஏற்றுவதில்லை. பூக்கூடை, மோட்டார் உதிரிப்பாகம், மகளுக்குக் குழம்பு எல்லாம் நடத்துநர் கையில் கொடுத்தால் போய்விடும். அந்தப் பக்கம் யாராவது நின்று வாங்கிக்கொள்வார்கள். நடத்துநருக்குக் கை காட்டினேன். ரவிக்கைத் துணிகளில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அந்தப் பருத்திப் புடவையில் மூட்டையாகக் கட்டினோம், நான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நடத்துநர் மூட்டையைத் தடவிப் பார்த்தார். "ஏனுங்க, தேங்காய்ங்களா? கோபிக்கா? அங்க இல்லாத தேங்காயா?"

"தாம்பூலத் தேங்காய்ங்க" என்று மைல்கல்லில் இருந்தே கத்தினார் நங்கையா. "பாத்து வைங்க. மேல கால வெச்சுப்போடாதீங்க!"

"அப்படியா? அப்ப சரிங்க" என்று அவர் மூட்டையை ஓட்டுநருக்குப் பக்கத்தில், சாமி படத்துக்குக் கீழே வைத்தார். "எந்த ஊருங்க குடுத்தது?"

நங்கையா பெருமையாக எல்லா ஊரையும் சொன்னார். அது தவறு என்று மறுநாள்தான் தெரிந்தது.

மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் நங்கையாவிடம் கேட்டது:

"ஏம்புள்ள, நீயும் அதே பஸ்ஸுல வாரியா?"

"தேங்காய் மட்டுந்தானுங்க வருது. பஸ் ஸ்டேண்டுல நின்னு வாங்கிக்கோங்க. நான் நடக்கறேன்."

ரவிக்கைத் துணிகளில் இரண்டை ஒன்றாக மடித்து முழங்காலில் இறுக்கிக் கட்டினேன். ஒன்று பச்சை, ஒன்று கத்திரிப்பூ நிறம். மூன்றாவதை அவர் தலையில் போட்டுக்கொண்டார். பையை நான் தூக்கிப் பார்த்தேன். மூன்று கிலோவுக்கு உள்ளேதான் இருக்கும். பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தார். அன்று மாலைக்குள் குழுவைப் பிடித்தோம். குருசாமி கட்டைப் பார்த்தார், பையைப் பார்த்தார், சோற்றுக்கு ஊறுகாய் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

தாராபுரத்தில் நங்கையாவின் பெரியப்பா மகள் வீட்டில் மதியச் சாப்பாடு. குழுவையே கூப்பிட்டிருந்தார்கள். இலை எடுத்தபிறகு அந்த அக்கா தாம்பூலத் தட்டோடு வந்தார். பல்லைக் காட்டிச் சிரித்தபடி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி:

"எங்கூட்டுத் தேங்காயும் பஸ்ஸேறிப் போகுமாட்டம்? நீங்க வெயில்ல நடப்பீங்க, தேங்காய் சன்னலோரம் உக்காந்துட்டுப் போகுமா?"

பஸ் நடத்துநர், காங்கேயத்து எண்ணெய் ஆலை வீட்டுக்காரருக்கு உறவு. நாங்கள் கொடுத்த ஊர்ப் பட்டியல் மூட்டைக்கு முன்னாலேயே எல்லா வீட்டுக்கும் போய்விட்டிருந்தது.

நங்கையாவின் முகம் கருத்தது. "ஐயோ, அப்படியில்ல அக்கா" என்று முந்தானையை விரித்தார். தட்டில் இரண்டு தேங்காய்கள். ஒவ்வொன்றும் இத்தனாந்தண்டி, சின்னக் குழந்தையின் தலையளவு. பழனிக்கு இன்னும் ஒன்றரை நாள். டெம்போ வாசலில் நின்றது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அவர் அதில் ஏறியது இதே ஊரில்தான். குருசாமி கை கழுவிக்கொண்டே எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தானை விரிந்தபடியே இருந்தது. பிறகு நங்கையா அதை மெதுவாகச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வேண்டாங்க்கா."

"அட, புடி."

"எதுக்குங்க்கா இதெல்லாம்."

"ஏன் அம்மணி, புடின்னா."

"வேண்டாம். நெசமாலுமே வேண்டாம்." அந்தச் சுற்றுக்கு எங்கள் பக்கம் வார்த்தையே கிடையாது. அவர் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. "முட்டி போச்சுக்கா. இந்தவாட்டியும் வண்டியேறுனா அடுத்த வருசம் என்ர பேரே இல்ல. குருசாமி சொல்லிப்போட்டாரு. ஊட்டுலகூட நான் சொல்லல. தேங்காய் தூக்கிட்டு என்னால பழனி போவ முடியாது."

 அந்த அக்கா தட்டைக் கீழே வைத்தார். நங்கையாவின் முழங்காலில் பச்சையும் கத்திரிப்பூவுமாக இருந்த கட்டைப் பார்த்தார்.

"அது என்ர சம்பந்தி குடுத்த ரவிக்கைத் துணியாட்ட இருக்குது?"

"ஆமாங்க்கா."

"நல்லா வேணும் அவளுக்கு. மட்டத் துணி" என்றார். பிறகு போனை எடுத்தார். "ஆருங்க, அலங்கியத்துலயா? கேட்டுக்கோங்க. நாளைக்கு என்ர தங்கச்சி அந்தப் பக்கமா நடந்து வாரா. ஆரும் தேங்காயைத் தூக்கிட்டு வந்து நிக்காதீங்க. குடுத்தே ஆவோணும்னா எங்கூட்டுக்கு அனுப்புங்க, நான் கோபிக்குப் போட்டு உடறேன். அவ காலு சரியில்ல... ஆமா, நான்தான் சொல்றேன்." அடுத்த எண்ணை அழுத்தினார். மொத்தம் ஐந்து வீடு. கடைசியில் தன்னுடைய இரண்டு தேங்காயையும் ஒரு சாக்கில் போட்டு, "இது நாலு மணி பஸ்" என்று ஒரு மூலையில் வைத்தார்.

அன்று மாலை மாமா போன் செய்தார். "இன்னைக்கு ரெண்டுதானா? பஸ் ஸ்டேண்டுல கடைக்காரரு எனக்குச் சேர் போட்டு வெச்சிருக்காரு புள்ள. தேங்காய் வந்தாத்தான் நீ எந்த ஊருல இருக்கேன்னு தெரியுது."

மறுநாள் அலங்கியத்தில் சாலையோரம் நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் மோர்ச் செம்பு. மற்றவர்கள் கை வெறுமையாக இருந்தது. எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒருவர் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். "வெறுங்கையோட நிக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்றார் அவர். நங்கையாவுக்குக் குங்குமம் மட்டும் வைத்தார்கள். மூத்தவர் பழக்கதோஷத்தில் இடுப்பிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, யோசித்து, அதையும் பாதியாகக் கிழித்துக் கொடுத்தார். நங்கையா சிரித்த சிரிப்பில் மோர் புரையேறியது.

அங்கிருந்து பழனி மலை தெரிந்தது. டெம்போ இரண்டு தடவை எங்களைக் கடந்து போனது. இரண்டாவது தடவை குருசாமி கண்ணாடியை இறக்கி, நங்கையாவின் முழங்காலைப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டார். அதற்கடுத்த நாள் பழனிக்குள் நுழையும்போது மதியம் மணி ஒன்று நாற்பது. தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருந்தது. கூட்டம் இன்னும் சேரவில்லை. அடிவாரத்தில் ஒரு பந்தல் நிழலில் குழு உட்கார்ந்திருந்தது. குருசாமி எழுந்து வந்தார்.

"நடை முடிஞ்சுதுங்க அம்மணி. பேரை எழுதிக்கறேன். இனி வின்ச்சுல ஏறிக்கோங்க, அது வண்டிக் கணக்குல வராது."

நங்கையா, மலைமேல் இழுத்துப் போகும் வின்ச் ரயிலுக்கான வரிசையைப் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். பையை என்னிடம் கொடுத்தார்.

படியேறி மேலே போய்ச் சேர எங்களுக்கு ஒரு மணி நேரம் இருபது நிமிடம் ஆனது.